"இவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினான்!"

கேள்வி: என் மகனுக்கு 20 மாதம். நன்றாக ஓடியாடுகிறான், ஆனால் 'அம்மா' தவிர வேறு சொல் வரவில்லை. தடுப்பூசிக்குப் போனபோது செவிலியர், வளர்ச்சிப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்றார். "இவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், இல்லாத நோய்க்குப் பெயர் வாங்கி வராதே" என்கிறார் மாமியார். கணவரும் அவர் பக்கம். நான் வேலைக்குப் போவதால்தான் இப்படியா?
– வாசகி, நாமக்கல்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை. தாய் வேலைக்குப் போவதால் பிள்ளைக்குப் பேச்சு வராமல் போவதில்லை.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. தாமதப் பேச்சு சில குடும்பங்களில் வழிவழியாக வரும். அப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் பிறகு தாமாகவே பேசிவிடுகிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசும், எதற்கு உதவி வேண்டும் என்று வெறுமனே முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது. தாமதமாகப் பேசிப் பிறகு சரியானவர்களின் கதைதான் வீடுகளில் உலவும். காது கேட்காதது தெரியாமல் நான்கு வயதுவரை காத்திருந்த பிள்ளையின் கதையை யாரும் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதில்லை.

சொற்களை எண்ணுவதற்கு முன் நான் பார்ப்பது வேறு. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? தெருவில் நாயைக் கண்டால் அதைக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? கை காட்டாமல் "செருப்பை எடுத்து வா" என்றால் புரிந்துகொள்கிறானா? இவையெல்லாம் இருந்து, பேச்சு மட்டும் பின்தங்கினால் எனக்குக் கவலை குறைவு. இல்லையென்றால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட மாட்டேன்.

எப்படி இருந்தாலும் செவிப் பரிசோதனை அவசியம். "தட்டைத் தட்டினால் திரும்புகிறானே" என்பார்கள். தட்டுச் சத்தம் கேட்கும் காதுக்கு மெல்லிய பேச்சொலி கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டாலும் அப்படி ஆகும்.

நாக்கில் வசம்பு தேய்க்க வேண்டாம். நாக்கின் அடியில் ஒட்டியிருப்பதை வெட்டினால் பேசிவிடுவான் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். அது உச்சரிப்பைக் கொஞ்சம் பாதிக்கலாமே தவிர, பேச்சையே நிறுத்தாது. கைபேசியைக் கொடுத்துச் சோறூட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

இனி, பெயர் வாங்கி வரும் பயம். முதல் பரிசோதனையில் எந்த நோயின் பெயரும் வராது. 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கான எம்-சாட் என்பது, ஆட்டிசத்தின் அறிகுறிகள் உண்டா என்று தாயிடம் கேட்கும் 20 கேள்விகள். ஆம், இல்லை என்று சொன்னால் போதும். இரண்டு வயதுவரைக்கும் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க, திருவனந்தபுரத்தில் உருவான 17 அம்ச அட்டவணை ஒன்றும் உண்டு. இவை சல்லடை மாதிரி. இதில் தங்கும் பிள்ளைகளில் பலருக்கு அடுத்த கட்டத்தில் ஒன்றுமில்லை என்று தெரியவரும். இதைப் பரீட்சையாக நினைத்து ஆட்டோவிலேயே பிள்ளைக்குப் பாடம் நடத்திக்கொண்டு வருகிற பெற்றோரையும் பார்க்கிறேன். நம் வளர்ப்புக்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்ற கூச்சம்தான் காரணம். வீட்டில் அவன் செய்யாததை, செய்கிறான் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

எங்கே போவது? 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால சுவஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், வளர்ச்சித் தாமதத்தைத் தொடக்கத்திலேயே கண்டு உதவும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் (சுருக்கமாக டிஇஐசி) மாவட்ட அளவில் இயங்குகின்றன; கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனையில் 'டிஇஐசி' என்று கேளுங்கள். தாய்-சேய் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். அதில் தடுப்பூசிப் பக்கத்தைத் தவிர யாரும் புரட்டாத வளர்ச்சிப் படிநிலைப் பக்கங்களும் இருக்கும். குறைமாதத்தில் பிறந்தவன் என்றால் அதையும் சொல்லுங்கள். வயதுக் கணக்கு மாறும்.

அவன் தூங்கி எழுந்து, வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள். நீங்கள் வேலைக்குப் போனபின் அவனோடு இருப்பவர் அவர்தான் என்றால், அந்த 20 கேள்விகளில் பாதிக்கு உங்களைவிட அவருக்குத்தான் சரியான பதில் தெரியும்.