வாடைக் காலத்தில் கப்பாப்பாசி மிதவையைத் தென்கடலுக்கு மாற்றலாமா?

கேள்வி: மண்டபம் பக்கத்து முனைக்காட்டில் எங்கள் மகளிர் குழு கப்பாப்பாசி போடுகிறது, வெளிநாட்டிலிருந்து வந்த கடற்பாசி. ஐப்பசி பிறந்துவிட்டால் வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) வாடை அடித்து மிதவைகள் நொறுங்கிப் போகின்றன. விதைப் பாசிகூட மிஞ்சுவதில்லை. அந்த நேரம் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) குளம் மாதிரி கிடக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கட்டலாம் என்றால், பவளத்தைக் கொல்லுகிற பாசி என்று சொல்லித் தடுக்கிறார்கள். இத்தனை வருஷமாகக் கையால் தொடுகிறோம், எங்களை ஒன்றும் செய்யவில்லை. நிஜமாகவே கொல்லுமா?

பதில்: சகோதரி, மாற்றாதீர்கள். 2005-லேயே தமிழக அரசு இந்தப் பாசிக்கு இடம் பிரித்துக் கொடுத்துவிட்டது. பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் போடலாம், தூத்துக்குடிக்குத் தெற்கே போடலாம். நடுவில் 21 தீவுகளோடு இருக்கும் தேசியப் பூங்காப் பகுதியில் கூடாது. மீறினால் மிதவையும் போகும், குழுவின் பெயரும் கெடும்.

நீங்கள் கேட்டது சட்டத்தை அல்ல, கொல்லுமா என்பதை. பாசியில் விஷம் கிடையாது. பவளம் ஒரு உயிர். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்துத் தருவதுதான் அதற்குப் பெரும்பங்குச் சாப்பாடு. கப்பா அதன் மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்தால் வெயில் போச்சு, நீரோட்டமும் போச்சு. பட்டினியில் வெளுத்துச் சாகிறது. அந்த 21 தீவுகளில் ஒன்றான குருசடையில் மான்கொம்புப் பவளத்தின் மேல் இது ஏறியிருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள். மண்டபத்தில் இந்தப் பாசியை வளர்த்துப் பழக்கிய மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையத்தார், பரவியது மிகச் சிறிய இடத்தில்தான் என்று மறுத்தார்கள். சிறிய இடம் என்பது சரியாகவே இருக்கட்டும். எனக்குக் கவலை அதன் பிடிவாதத்தில்தான்.

அந்தப் பக்கம் ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். விரல் தடிமனுக்கு ரப்பர் போல வளைந்தது, இழுத்ததும் மேல்பாகம் சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. பவளத்தின் கிளையிடுக்கில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குமிழ் மட்டும் கவ்விக்கொண்டு நின்றது. பவளத்தை உடைக்காமல் அதை எடுக்க முடியவில்லை. அது போதும், மறுபடி தழைக்க.

உங்களுக்கு இது தெரியாததா? ஒரு பன்னிரண்டடி மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு. முடிச்சுக்கு 150 கிராம் வைத்தால் மொத்தம் 60 கிலோ விதை. 45 நாளில் நான்கு மடங்கு. விதை என்று நாம் சொன்னாலும் அது ஒடித்துக் கட்டிய துண்டுதானே. நீங்கள் ஒடித்தாலும் அலை ஒடித்தாலும் துண்டு துண்டுதான். மிதவை ஒன்று நொறுங்கினால் நானூறு நாற்று கடலுக்குள் போகிறது. வாடை நாளில் பாம்பன் வாய் வழியாக நீர் வடக்கிலிருந்து தெற்கே இழுப்பதால், அது போய்ச் சேரும் இடமும் குருசடைப் பக்கமாக இருக்கலாம். ஆகவே மிதவையைத் தெற்கே கட்டாமல் இருந்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது.

ஹவாய்க்காரர்கள் பட்டது நமக்கு முன்பாடம். 1974-ல் அங்கே கனேயோகே விரிகுடாவில் இந்தப் பாசியை ஆராய்ச்சிக்காக வைத்தார்கள். ஆழமான இடத்தைத் தாண்டிப் போகாது என்று அப்போது நம்பினார்கள். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால் ஆறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. பிடுங்கினால் சில மாதத்தில் திரும்ப வந்தது. கடைசியில் படகில் பெரிய உறிஞ்சு பம்பு வைத்து, முக்குளிப்பவர்கள் கையால் ஊட்ட ஊட்ட உறிஞ்சி எடுத்தார்கள். மிச்சத்தை மேய்வதற்குக் குஞ்சு பொரித்து வளர்த்த கடல் முள்ளெலிகளை, அதாவது பாசி தின்னும் முள்ளுருண்டை உயிர்களை, விட்டார்கள். உறிஞ்சிய பாசி சேப்பங்கிழங்கு வயலுக்கு உரமானது. நம்மூரில் பம்பும் இல்லை, முள்ளெலிப் பண்ணையும் இல்லை. ஆட்களை இறக்கிக் கையால்தான் பிடுங்குகிறார்கள்.

சரி, விதைக்கு என்ன செய்வது? கடைசி அறுப்பைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். பேராசையில் ஐப்பசி வரை நீட்டுவதால்தான் பாதி மிதவை நொறுங்குகிறது. அடுத்த சுற்றுக்கு வேண்டிய விதையை மட்டும் குழாய் வலைக்குள் அடைத்து, கரையோரம் ஒதுக்கமான இடத்தில் இரட்டை நங்கூரம் போட்டு வையுங்கள். வலைக்குள் இருப்பது முடிச்சில் தொங்குவதைப்போல ஒடிந்து உதிராது. பருவத்தில் போடும் மிதவைகளுக்கு அடிவலை கட்டாயம். ஓரா மீன் கடிக்காமலிருக்க என்று கட்டுகிறீர்கள். உதிரும் துண்டையும் அதுதான் பிடிக்கிறது. கிழிந்த அடிவலையோடு மிதவையை இறக்காதீர்கள். பத்து மிதவையை ஒன்றாகக் கோக்கும் இடத்தில் கயிறு நைந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

கரையில் ஒதுங்குவதைக் காலால் தள்ளித் திரும்பக் கடலில் விடும் பழக்கம் பல இடத்தில் பார்க்கிறேன். பொறுக்கிக் காயவையுங்கள், இல்லையென்றால் அரைத்துச் சாறெடுத்துத் தண்ணீரில் நன்றாகக் கலந்து கத்தரிக்கோ மிளகாய்க்கோ தெளியுங்கள்.

எல்லா முட்டையையும் கப்பாவிலேயே வைக்க வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். சில மிதவைகளில் கஞ்சிப்பாசி போட்டுப் பாருங்கள். வளர்ச்சியும் வரும்படியும் கப்பாவுக்கு ஈடாகாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது இந்தக் கடலின் சொந்தப் பாசி, எங்கே உதிர்ந்தாலும் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

இன்னொன்று. பாம்பன் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்க முக்குளிக்கும் பெண்கள் உங்கள் உறவில் இருப்பார்கள். பவளப் பாரில் கப்பா படர்ந்திருப்பது கண்ணில் பட்டால் நல்லெண்ணத்தில் பிடுங்கிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பிடுங்கும்போது சிதறும் ஒவ்வொரு துண்டும் அடுத்த பவளத்தில் போய் ஒட்டும். இடத்தை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டு வனத்துறையில் தகவல் கொடுத்தால் போதும்.