பெரிய டர்போ வாங்கும் முன்: எம்எக்ஸ்-5 கேள்வி-பதில்

இந்த முறை வந்தவற்றில் முக்கால்வாசி மாஸ்டா எம்எக்ஸ்-5 (இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) கடிதங்கள். டர்போ (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுவது) கிட் போட்டு ஒன்றிரண்டு வருடம் ஓட்டிவிட்டு, "இனி பெரிய டர்போ" என்ற கட்டத்துக்கு வந்தவர்கள். கீழே 1.6 (லிட்டர்) என்று நான் சொன்னால் முதல் தலைமுறையின் 1990–93 வண்டி. குதிரைத்திறன் எண்கள், வேறு சொல்லாத இடத்தில், சக்கரத்தில் அளப்பவை. எல்லாம் ரவுண்டாகத்தான் சொல்கிறேன்.

கேள்வி: 1992 மாடல், 1.6. பழைய ஜப்பானிய கிட், டிடி04 டர்போ, 7 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்). டர்போவை மட்டும் கழற்றிவிட்டு காரெட் ஜிடி28 மாட்டினால் 250 வருமா அண்ணே? — கிள்ளான் வாசகர்

பதில்: மாட்டவே முடியாது. மிட்சுபிஷி டிடி04-இன் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் முகம்) வேறு, காரெட்டின் டி25 ஃபிளாஞ்ச் வேறு. மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் புகை வரும் குழாய்), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), ஆயில் லைன், வாட்டர் லைன், இன்டர்கூலர் (அழுத்திய காற்றை ஆறவைப்பது) பைப்பின் முதல் முழங்கை, எல்லாம் மாறும். டர்போ விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போட்டவர்கள் இங்கேதான் பாதியில் நிற்கிறார்கள்.

அந்தக் காலத்து கிட் பலவற்றில் கம்பெனி ஈசியுவை (எஞ்சினை நடத்தும் கணினி) அப்படியே விட்டுவிட்டு, பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் பிரஷரை ஏற்றிச் சமாளிப்பார்கள். உங்களுடையதும் அப்படியா என்று முதலில் பாருங்கள். 7 பிஎஸ்ஐக்கு அது ஓடும், 12க்கு ஓடாது. தனி ஈசியு, பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோல் பீய்ச்சுவது), வைட்பேண்ட் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் மீட்டர்) மூன்றையும் இப்போதுள்ள டர்போவோடு போட்டு 10 பிஎஸ்ஐயில் ஒழுங்காக ட்யூன் செய்யுங்கள். 170 பக்கம் வரும். அதிலேயே பாதிப் பேர் திருப்தியாகி நின்றுவிடுவார்கள். அதற்குப் பிறகும் 250தான் வேண்டும் என்றால், 1.6-இன் சின்ன டிஃப்ரன்ஷியலை (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தருவது) எடுத்துவிட்டு 94க்குப் பிந்தைய 1.8-இன் 7 அங்குல டிஃப்ரன்ஷியலைத் தேட ஆரம்பியுங்கள். சின்னது உடையும். எப்போது என்பதுதான் கேள்வி.

கேள்வி: என் காருக்கு எந்த டர்போ பெஸ்ட்? அவசரம். — ஊர் எழுதவில்லை

பதில்: எந்தக் கார் என்றும் எழுதவில்லை.

கேள்வி: 1.8-இல் இப்போது காரெட் ஜிடி2560ஆர் டர்போ இருக்கிறது. ஜிடி2860ஆர்எஸ் நேராக உட்காருமா? வித்தியாசம் தெரியுமா? — மெல்பர்ன் வாசகர்

பதில்: உட்காரும். இரண்டின் ஃபிளாஞ்சும் டி25, டவுன்பைப் பக்கமும் அதே ஐந்து போல்ட். வாங்கும்போது 0.64 டர்பைன் ஹவுசிங்கைக் (புகை சுற்றிப் போகும் உறை, எண் அதன் அளவு) கேளுங்கள். 0.86 இந்த எஞ்சினுக்குத் தெருவில் தேவையில்லை. வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. காகிதத்தில் (இது எஞ்சினில் அளப்பது) ஒன்று 330 குதிரைத்திறன், மற்றது 360. இரண்டுக்கும் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரம் 60 மில்லிமீட்டர்தான். நீங்கள் இப்போது 220இல் ஓட்டுகிறீர்கள் என்றால், மேலே கிடைப்பது எதுவும் இல்லை. கீழே கொஞ்சம் தாமதம் கூடும். அந்தப் பணத்தில் நல்ல இன்டர்கூலர் வாங்குங்கள். இருக்கிற டர்போ போதாது என்று டைனோ (குதிரைத்திறன் அளக்கும் கருவி) சீட்டு காட்டிய பிறகு எழுதுங்கள்.

கேள்வி: கம்பெனி எஞ்சின் எவ்வளவு தாங்கும்? 300 குதிரைத்திறன் போகலாமா? — ஷா ஆலம் வாசகர்

பதில்: கனெக்டிங் ராடை (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) வளைப்பது டார்க் (முறுக்குவிசை), குதிரைத்திறன் அல்ல. சக்கரத்தில் 310–340 நியூட்டன் மீட்டர் பக்கம் போனால் கம்பெனி ராட் எந்த நாளும் வளையலாம். சின்ன டர்போவை 3,500 ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்டில் முறுக்குகிறவர்களுக்குத்தான் இது முதலில் நடக்கும். பூஸ்டை 4,500க்கு மேல் மெதுவாக ஏறவிட்டால் அதே ராடில் அதிகக் குதிரைத்திறன் கிடைக்கும். 300 வேண்டும் என்றால் ஃபோர்ஜ்டு (அடித்துச் செய்த, பலமான) ராட். அதில் பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: 300 குதிரைத்திறனுக்கு 550 சிசி இன்ஜெக்டர் போதுமா? கடையில் 1000 சிசி வாங்கச் சொல்கிறார்கள். — அதே வாசகர்

பதில்: கணக்கைப் போட்டுப் பாருங்கள். 300க்கு (இது எஞ்சினில் அளப்பது) மணிக்கு 180 பவுண்டு பெட்ரோல். நான்கு இன்ஜெக்டருக்குப் பங்கிட்டால் 45. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, ஆகவே 53. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 555 சிசி. 550 சரியாக விளிம்பில் நிற்கும். சக்கரத்தில் 300 என்றால் போதவே போதாது. 650–700 வாங்குங்கள், நிம்மதி. எத்தனால் அதிகமுள்ள எரிபொருளுக்குப் போகிற எண்ணம் இருந்தால் மட்டும் 1000. இன்ஜெக்டரோடு பம்பும் மாறும், மறக்காதீர்கள்.

கேள்வி: ஜிடி2860ஆர்எஸ் மாட்டி ஒரு மாதம். சிக்னலில் நிற்கும்போது நீலப்புகை. டர்போ சீல் போய்விட்டது என்று கடையில் வேறு டர்போ மாற்றினார்கள். அதிலும் அதே புகை. மூன்றாவது வாங்கலாமா, வேறு பிராண்டுக்குப் போகலாமா சார்? — டொரன்டோ வாசகர்

பதில்: மூன்றாவதும் புகைக்கும். பிராண்டை மாற்றினாலும் புகைக்கும். தயவுசெய்து பர்ஸை உள்ளே வையுங்கள்.

"டர்போ சீல் போச்சு" என்று பில்லில் எழுதுகிற பழக்கம் எந்த ஊரில் தொடங்கியதோ, இன்று உலகம் முழுக்க இருக்கிறது. டர்போவுக்குள் நீங்கள் நினைக்கிற மாதிரி ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டின் இரு முனையிலும் பிஸ்டன் ரிங் போல மெல்லிய உலோக வளையம் இருக்கிறது. தேங்கி நிற்கிற எண்ணெயைத் தடுக்க அதனால் ஆகாது. நடு உறைக்குள் வந்த எண்ணெய் உடனே கீழே இறங்கிப் போய்விட வேண்டும். அது நடக்கிற வரை வளையம் தன் வேலையைச் செய்யும். இறங்க வழியில்லை என்றால், புத்தம் புது டர்போவும் சைலன்ஸருக்குள் எண்ணெயைத் துப்பும். குழாயை முழுக்கத் திறந்துவிட்டுத் தொட்டியின் ஓட்டையை அடைத்தவர், தொட்டி சரியில்லை என்று தொட்டியை மாற்றுகிற கதைதான் இது.

முதலில் வண்டியை ஜாக்கில் ஏற்றி, டார்ச் அடித்து டிரெய்ன் ஹோஸை (டர்போவிலிருந்து எண்ணெய் இறங்கும் குழாய்) பாருங்கள். அதில் எண்ணெயைத் தள்ள பம்ப் எதுவும் இல்லை. தன் கனத்தில்தான் இறங்குகிறது, அதுவும் நுரையாக. அதனால்தான் காரெட் உள்விட்டம் 19 மில்லிமீட்டர் கேட்கிறது, செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்கிறது. எம்எக்ஸ்-5இல் அந்தப் பக்கம் இடம் குறைவு, ஹோஸைச் சுற்றிவிட்டுக் கொண்டுபோகத் தோன்றும். எங்காவது ஒரு இடத்தில் தொங்கி மறுபடி மேலே ஏறுகிறதா? அதுதான் உங்கள் புகை. ஆயில் பானில் (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) அது நுழைகிற இடம் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். பானைக் கழற்றாமல், டிரில் பிட்டில் கிரீஸ் தடவி, வண்டியிலேயே துளை போட்டவர்கள் சோம்பலில் கீழே போட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, டிரெய்ன் கேஸ்கெட். போன மழைக்காலத்தில் இதே புகார் சொல்லி ஒருவர் டர்போவோடு வந்தார். கீழ் ஃபிளாஞ்சைக் கழற்றியபோது கேஸ்கெட்டின் இரு பக்கமும் சிவப்பு சிலிகான் பூசி இறுக்கியிருந்தார்கள். பிதுங்கிய சிலிகான் உள்பக்கம் உதடு மாதிரி வளர்ந்து, ஓட்டையில் பாதியை மூடியிருந்தது. பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் கேஸ்கெட் வைத்து மாட்டினோம். அதே டர்போ, புகை இல்லை. ஆயில் லைனில் சிலிகான் பூசாதீர்கள். இன்னொரு முறை சொல்கிறேன், பூசாதீர்கள்.

பிறகு மேல்பக்கம். உங்களுடையது பால் பேரிங் டர்போ (ஷாஃப்ட் உருண்டைகள் மேல் சுழல்வது). அதற்கு எண்ணெய் நுழையும் இடத்தில் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வேண்டும். டர்போ வாயில் 40–45 பிஎஸ்ஐக்கு மேல் எண்ணெய் வரக் கூடாது. மாஸ்டா பம்ப் அதைவிடத் தாராளமாகக் கொடுக்கும். பழைய டர்போ ஜர்னல் பேரிங்காக (ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தில் சுழல்வது) இருந்து, அதன் லைனையே இதற்கும் போட்டிருந்தால் ரெஸ்ட்ரிக்டர் இருக்காது. (ஜர்னல் பேரிங் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ரெஸ்ட்ரிக்டர் வாங்கப் போகாதீர்கள். பட்டினி கிடந்து செத்துவிடும்.)

கடைசியாக கிராங்க்கேஸ் பிரஷர். பூஸ்ட் ஏறும்போது பிசிவி வால்வு (எஞ்சின் வயிற்றின் ஆவியை இன்டேக்குக்கு விடுவது) மூட வேண்டும். பழைய வால்வு மூடாது. பூஸ்ட் நேராக எஞ்சின் வயிற்றுக்குள் போகும், டிரெய்னில் வருகிற எண்ணெயைத் திருப்பித் தள்ளும். சோதிப்பது சுலபம். இன்டேக் மேனிஃபோல்டில் பிசிவி சேர்கிற வாயை மூடிவிட்டு, வால்வ் கவரின் இரண்டு பிரீதர்களையும் (ஆவி வெளியேறும் வாய்கள்) ஒரு கேச் கேனுக்கு (எண்ணெய் பிடிக்கும் டப்பா) விட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். புகை குறைந்தால் குற்றவாளி அங்கே. அப்படியும் குறையாமல் கேனில் எண்ணெய் வேகமாக நிறைந்தால் லீக்-டவுன் சோதனை (சிலிண்டரில் காற்றை ஏற்றிக் கசிவு பார்ப்பது) செய்யுங்கள், பிஸ்டன் ரிங்காக இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு கடைசியில் டர்போவைத் தொடுங்கள். ஷாஃப்டை விரலால் ஆட்டி, பிளேடு சுவரில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசவில்லை என்றால் அது நல்ல டர்போ. கழற்றிப் போட்ட முதல் டர்போவையும் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அதுவும் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும்.

கேள்வி: கோலாலம்பூரில் ஈசியு லாகில் (பதிவு) இன்டேக் அழுத்தம் 184 கிலோபாஸ்கல் காட்டுகிறது. கெந்திங் மலை மேலே 165தான். டர்போ களைத்துவிட்டதா? — சிலாங்கூர் வாசகர்

பதில்: லாகோடு எழுதியதற்கு முதலில் நன்றி. டர்போ நன்றாக இருக்கிறது, காற்றுதான் குறைவு. 1,800 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் 101இலிருந்து 81 பக்கம் இறங்கிவிடும். வேஸ்ட்கேட் (கூடுதல் புகையை டர்பைனுக்குப் போகாமல் விலக்கும் கதவு) ஸ்பிரிங் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் திறக்கும், ஆகவே உங்கள் 12 பிஎஸ்ஐ (சுமார் 83 கிலோபாஸ்கல்) இரண்டு இடத்திலும் 12தான். மலையில் 184 காட்டியே தீர வேண்டும் என்று பூஸ்டைக் கூட்டாதீர்கள். கீழே 1.8ஆக இருக்கும் பிரஷர் ரேஷியோ (உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்தால் வகுத்தது) அங்கே இப்போதே 2க்கு வந்துவிட்டது. இன்னும் கூட்டினால் டர்போவை வீணாகச் சுற்றவிட்டு, சூடான காற்றை வாங்குவீர்கள்.

கேள்வி: சைலன்ஸர் முழுக்க 3 அங்குலத்துக்கு மாற்றினேன். 8 பிஎஸ்ஐயில் நிற்க வேண்டிய பூஸ்ட் 6,000 ஆர்பிஎம்மில் 13க்கு ஏறுகிறது. பூஸ்ட் கன்ட்ரோலர் வாங்கட்டுமா? — ஜொகூர் பாரு வாசகர்

பதில்: வேண்டாம். கன்ட்ரோலர் பூஸ்டைக் கூட்டத்தான் செய்யும், ஸ்பிரிங்குக்குக் கீழே இறக்காது. எக்ஸாஸ்ட் தடை போனதும் டர்பைனுக்கு அதிகப் புகை போகிறது. வேஸ்ட்கேட் ஓட்டை அதை வெளியே விடப் போதவில்லை. அந்த ஓட்டையை மெஷின் கடையில் பெரிதாக்கி வழவழப்பாக்குங்கள், வேஸ்ட்கேட் மடல் முழுக்கத் திறக்கிறதா என்றும் பாருங்கள். அதுவரை 5,000க்கு மேல் போகாதீர்கள். வைட்பேண்ட் இருக்கிறதா? கடிதத்தில் இல்லை.

கேள்வி: செப்பாங் ரேஸ் டிராக்கில் அரை மணி ஓட்டினால் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவே நட்டு கழன்று விழுகிறது. லாக்டைட் (நட்டுப் பசை) போடலாமா? — பூச்சோங் வாசகர்

பதில்: அந்தச் சூட்டில் லாக்டைட் ஆவியாகிவிடும். டி25-இன் ஸ்டட் (நட்டு ஏறும் திருகுத் தண்டு) வெறும் 8 மில்லிமீட்டர். சூட்டில் நீளும், நட்டு தளரும், கேஸ்கெட் ஊதும். துளையை 10க்குப் பெரிதாக்கி இன்கோனல் (சூடு தாங்கும் உலோகக் கலவை) ஸ்டட், பூட்டுத் தகடு போடுங்கள். டர்போவைத் தாங்க எஞ்சின் பிளாக்கிலிருந்து ஒரு பிராக்கெட்டும். சாதா ஸ்டீல் ஸ்டடை ஒவ்வொரு முறையும் இறுக்கிக்கொண்டே ஓட்டுகிறவர்கள் ஒருநாள் அதை முறிப்பார்கள். முறிந்த ஸ்டடை எடுக்கிற கூலியில் இன்கோனல் செட் வாங்கியிருக்கலாம்.

கேள்வி: டர்போ டைமர் (சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிடுவது) அவசியமா? — ஈப்போ வாசகர்

பதில்: வாட்டர் லைன் ஒழுங்காக இணைத்திருந்தால் வேண்டாம். கடைசி இரண்டு கிலோமீட்டர் மெதுவாக வாருங்கள். "இடமில்லை" என்று வாட்டர் லைனை அடைத்து வைத்தவர்களுக்கு டைமரும் உதவாது.

கேள்வி: ப்ளோ-ஆஃப் வால்வை (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பூஸ்டை விடுவிப்பது) வெளியே திறந்துவிட்டால் சத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் கியர் மாற்றும்போது வண்டி இருமுகிறது. — சிங்கப்பூர் வாசகர்

பதில்: உங்கள் ஏர்ஃப்ளோ மீட்டர் ஏற்கெனவே எண்ணிவிட்ட காற்றை வெளியே விடுகிறீர்கள். எண்ணிய காற்றுக்கு ஈசியு பெட்ரோல் ஊற்றுகிறது. குழாயைத் திரும்ப இன்டேக்கில் இணையுங்கள், அல்லது மேப் சென்சாரில் (இன்டேக் அழுத்தத்தை அளப்பது) ஓடுகிற ஈசியுவுக்கு மாறுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் "டி28" என்று போட்டு, காரெட் விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? — பினாங்கு வாசகர்

பதில்: அலமாரியில் வைக்க என்றால் வாங்கலாம்.

கேள்வி: கோவையில் ஒரு சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் இந்த மாதிரி கிட் போட்டு அன்றாடம் ஓட்டலாமா? — கோயம்புத்தூர் வாசகர்

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படியுங்கள். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பானட்டைத்தான் திறக்கும். ஆசையிருந்தால் டிராக்குக்கு என்று தனி வண்டி வைத்து, டிரெய்லரில் ஏற்றிச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பூஸ்ட் கேஜ் இருக்கிறதே, வைட்பேண்ட் வேறு எதற்கு? — கிள்ளானிலிருந்து இன்னொருவர்

பதில்: எவ்வளவு காற்று தள்ளுகிறீர்கள் என்று பூஸ்ட் கேஜ் சொல்லும். அதற்கேற்ற பெட்ரோல் போகிறதா என்று சொல்லாது. முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 பக்கம் இருக்க வேண்டும். 12.5 தாண்டினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிஸ்டன் உருகிய பிறகு வருகிற கடிதங்களில் "வைட்பேண்ட் வாங்குவதாகத்தான் இருந்தேன்" என்ற வரி கட்டாயம் இருக்கும்.

கேள்வி: டர்போ மாற்றும்போது கிளட்சும் மாற்ற வேண்டுமா? — பெயர், ஊர் இல்லை

பதில்: ஆமாம்.