டேட் மாடர்னுக்குப் போகிறவர்கள் கேட்டவை

லண்டனில் தேம்ஸின் தென்கரையில் ஒற்றைப் புகைபோக்கியோடு நிற்கிற செங்கல் கட்டடம்தான் டேட் மாடர்ன், நவீனக் கலைக்கான அருங்காட்சியகம். நான் லண்டனின் ஈஸ்ட்ஹாம் பகுதிக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. மழை பெய்தாலும், மனசு சரியில்லை என்றாலும், ஊரிலிருந்து யாராவது வந்தாலும் அங்கேதான் போவேன். ஓவியம் படித்தவள் இல்லை, கணக்கு எழுதுகிற வேலை. போய்ப் போய்ப் பழகியதில் தெரிந்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், சென்னையிலிருந்து குடும்பத்தோடு நான்கு நாள் பயணமாக வருகிறோம். இதற்கு அரை நாள் போதுமா? டிக்கெட் எவ்வளவு?

நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் காசே கிடையாது, நேராக உள்ளே போகலாம். சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் டிக்கெட். அதிலும் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். 16 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்கள் டேட் கலெக்டிவ் என்ற திட்டத்தில் பெயர் பதிந்துகொண்டால் 5 பவுண்டுக்குப் பார்க்கலாம். அதில் சேரவும் கட்டணம் இல்லை.

முதல் தடவை வருகிறவர்கள் சிறப்புக் கண்காட்சிக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பேன். இலவசமாக இருப்பதையே ஒரு நாளில் முடிக்க முடியாது. இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் கால் வலிக்கும், கண் எதையும் வாங்காது. பெரிய பெட்டிகளை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வரும்போது செயின்ட் பால்ஸ் தேவாலயப் பக்கமிருந்து மில்லேனியம் நடைபாலம் வழியாக நடந்து வாருங்கள். 2000-இல் திறந்த உடனேயே ஆட ஆரம்பித்து, இரண்டே நாளில் மூடி, சரிசெய்து 2002-இல் மறுபடி திறந்த பாலம். இப்போது ஆடாது.

கேள்வி: அக்கா, உண்மையைச் சொல்கிறேன். இந்த மாதிரி இடத்துக்குப் போனால் எனக்கு ஒன்றுமே புரிவதில்லை. சுற்றி நிற்கிறவர்கள் எல்லோருக்கும் புரிகிற மாதிரியே இருக்கிறது. எப்படித்தான் பார்ப்பது?

சுற்றி நிற்கிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் பார்த்து அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். அறைக்குள் போனதும் ஒரு சுற்று சும்மா வருவேன். எது முன்னால் கால் நிற்கிறதோ அதோடு மட்டும் இருப்பேன், மற்றதை விட்டுவிடுவேன். பக்கத்தில் உள்ள சிறு அட்டையை முதலில் படிக்க மாட்டேன். கொஞ்ச நேரம் பார்த்த பிறகு, அதில் பொருள் என்ன என்று எழுதியிருக்கும் வரியை மட்டும் படிப்பேன். கித்தானா, மெழுகா, தலைமுடியா, பழைய ரேடியோவா என்று தெரிந்தால் போதும், பாதிக் கதவு திறந்துவிடும். நீண்ட விளக்கத்தைக் கடைசியில் படித்தால் போதும். சில விளக்கங்கள் படைப்பைவிடக் கஷ்டமாக இருக்கும், அதைத் தாண்டிப் போவதில் பாவம் ஒன்றுமில்லை.

ரேடியோ என்று சும்மா சொல்லவில்லை. பிரேசில்காரர் சில்டோ மெய்ரெலெஸ் 2001-இல் செய்த ‘பேபல்’ என்ற கோபுரம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான ரேடியோக்களை வட்டமாக அடுக்கியிருக்கிறார்: அடியில் பெட்டி பெட்டியாகப் பழைய வால்வு செட்டுகள், மேலே போகப் போகச் சின்ன டிரான்சிஸ்டர்கள். எல்லாம் ஓடுகின்றன, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிலையம். இருட்டறையில் சின்னச் சின்ன விளக்குகள். தள்ளி நின்றால் சந்தை இரைச்சல்தான். ஒரு செட்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் திடீரென்று ஒரு குரல் தெளிவாகக் கேட்கும். முதல் முறை அதன் முன்னால் நின்றபோது, தாத்தா வீட்டு மர்ஃபி ரேடியோவில் சிலோன் நிலையம் பிடிக்க முள்ளைத் திருகியது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. மொழிகள் குழம்பிப்போன பாபேல் கோபுரத்தின் விவிலியக் கதையெல்லாம் பிறகுதான் படித்தேன்.

அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் அறை அதற்கு நேர் எதிர். மங்கிய வெளிச்சம், கருஞ்சிவப்பும் கறுப்புமாகப் பெரிய கித்தான்கள். நியூயார்க்கில் ஒரு பணக்கார உணவகத்துக்காக 1958-இல் வரையத் தொடங்கி, அந்த இடம் பிடிக்காமல் ஒப்பந்தத்தையே உதறியவர். அவற்றில் ஒன்பதை, பிற்பாடு டேட் மாடர்னைத் தொடங்கிய டேட் காலரிக்குக் கொடுத்தார். அவை லண்டன் வந்து இறங்கிய 1970 பிப்ரவரி 25 அன்றுதான் அவர் இறந்த செய்தியும் வந்தது. அங்கே போனால் நிற்காதீர்கள், உட்காருங்கள். பத்து நிமிஷத்தில் கண் பழகி, வண்ணத்தின் ஓரங்கள் லேசாக அசைகிற மாதிரி தோன்றும். தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, காலுக்கு ஓய்வு. படங்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள், வெளியூருக்கும் அனுப்புவார்கள். அதனால் எது இருக்கிறது என்று கிளம்பும் முன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தரையில் செங்கல் அடுக்கி வைத்துக் கலை என்கிறார்களாமே. என் ஆறு வயது மகன் இதைவிட நன்றாக அடுக்குவான். ஏமாற்று வேலைதானே?

நீங்கள் சொல்வது அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்த்ரேயின் ‘ஈக்விவலன்ட் 8’. 120 தீச்செங்கல், இரண்டு அடுக்கு, சிமென்ட் கிடையாது. உங்கள் கோபம் புதிதல்ல. டேட் அதை 1972-இல் வாங்கியது. 1976-இல் பத்திரிகைகள் ‘மக்கள் பணத்தில் செங்கல்லா’ என்று பிடித்துக்கொள்ள, ஒருவர் போய் அதன்மேல் நீலச் சாயத்தையே ஊற்றிவிட்டார். இன்னும் வேடிக்கை, 1966-இல் முதலில் காட்டியபோது யாரும் வாங்கவில்லை என்று ஆந்த்ரே செங்கற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது இருப்பது 1969-இல் வேறு செங்கல் வாங்கி மறுபடி அடுக்கியது.

எனக்கும் அது பெரிதாகப் பிடிக்காது. ஆனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லையே! இந்த மாதிரி எட்டுப் படைப்புகள் செய்தார், எல்லாவற்றிலும் 120 கல்தான், நீள அகலம் மட்டும் வேறு. எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் கண்ணுக்கு ஏன் வேறாகத் தெரிகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. எட்டில் ஒன்றை மட்டும் தனியாக வைத்தால் அந்தக் கேள்வியே காணாமல் போய்விடுகிறது. என் புகார் அதுதான்.

உங்கள் மகனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவன் எண்ணிப் பார்ப்பான்.

கேள்வி: அக்கா, நானும் ஈஸ்ட்ஹாமிலதான் இருக்கிறன். அஞ்சு வயசிலயும் ஒன்பது வயசிலயும் ரெண்டு பிள்ளையள். கூட்டிக்கொண்டு போனா ஏதும் உடைச்சுப் போடுவினமோ எண்டு பயமாக் கிடக்கு.

பயப்படாதீங்க தங்கச்சி. நம் ஸ்டேஷனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் மாறாமல் பிளாக்ஃப்ரையர்ஸ். ஆற்றைத் தாண்டித் தென்கரைக்கு வந்தால் கொஞ்ச தூர நடைதான். மேற்கு வாசல் வழியாக நுழையுங்கள். உள்ளே பெரிய சரிவுத்தளம் டர்பைன் ஹால் என்ற பெரிய கூடத்துக்குள் இறங்கும். பிள்ளைகள் அதில் ஓடுவார்கள், உருளுவார்கள், அங்கே அது சகஜம். அந்தச் சக்தி தீர்ந்த பிறகு மேலே காட்சி அறைகளுக்குக் கூட்டிப் போங்கள். தரையில் கோடோ கயிறோ இருந்தால் அதைத் தாண்டக் கூடாது என்று மட்டும் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பெரியவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். டர்பைன் ஹால் தரையில் நீளமாக ஒரு தழும்பு ஓடுகிறது, அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கொலம்பியாவின் டோரிஸ் சல்செடோ 2007-இல் 167 மீட்டர் நீளத்துக்குத் தரையைப் பிளந்து வைத்தார். கால் இடறி விழுந்தவர்கள்கூட உண்டு. குடிவந்தவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே இருக்கிற பிளவைச் சொல்கிறேன் என்றார். கண்காட்சி முடிந்ததும் பூசி அடைத்தார்கள், தடம் மட்டும் அப்படியே கிடக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

கேள்வி: போட்டோ எடுக்கலாமா? வரையலாமா?

சேகரிப்பு அறைகளில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம், எடுக்காதே என்று எழுதியிருந்தால் எடுக்காதீர்கள். பென்சிலால் வரைவதற்குத் தடையில்லை.

கேள்வி: நம் நாட்டுக்காரர்களின் படைப்பு ஏதாவது உண்டா?

பூபேன் காக்கரைத் தேடுங்கள். பரோடாவில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர், அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். 2016-இல் அவருக்கு டேட் மாடர்னில் தனிக் கண்காட்சியே நடந்தது. அவர் 1981-இல் வரைந்த ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’ என்ற பெரிய படம் டேட்டின் சொந்தம். மாடத்தில் ஒரு ஆள் துணியில்லாமல் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அவர் பார்க்கிற தெருவில் அப்பனும் மகனும் கழுதையோடு போகிறார்கள். நாம் பள்ளியில் படித்த அதே கதைதான்: ஏறினாலும் குற்றம், இறங்கினாலும் குற்றம். தன் பாலின விருப்பத்தை வெளியே சொல்லத் துணிந்த காலத்தில் அவர் வரைந்த படம் இது என்று தெரிந்ததும் அந்தக் கழுதை வேறு கழுதையாகிவிடுகிறது.

கேள்வி: மேஃபேர் பக்கம் தனியார் காலரிகள் நிறைய. வாங்கப் போவதில்லை, சும்மா பார்க்க உள்ளே போகலாமா?

தாராளமாக. நுழைவுக் கட்டணம் கிடையாது. மணி அடித்துக் கதவு திறக்கச் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குத்தான் நம்மவர்கள் கூச்சப்படுகிறோம். ஒரு இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என் கையிலிருந்த காய்கறிப் பையைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவே இல்லை. நான் அரை மணி நேரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, விலைப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் வந்தேன். பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் விற்றுப்போனது என்று அர்த்தம்.

கேள்வி: அங்கே சாப்பாடு?

விலை அதிகம். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய், வாசலில் பிர்ச் மரங்களுக்குப் பக்கத்தில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: அக்கா, அப்பா தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அடுத்த மாதம் வருகிறார். கோயில் சிற்பத்தைத் தவிர எதையும் கலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அவரைக் கூட்டிப் போகலாமா, வீணா?

இத்தனை கேள்வியில் எனக்குப் பிடித்தது இதுதான். அப்பாவிடம் கலை என்ற பேச்சையே எடுக்காதீர்கள். ஒரு பழைய மின் நிலையத்தைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.

அது பேங்க்சைட் மின் நிலையம். லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்தான் இதையும் வடிவமைத்தார். நிலக்கரி இல்லை, எண்ணெயில் ஓடியது. 1981-இல் நிறுத்தினார்கள். எதிர்க்கரையில் செயின்ட் பால்ஸ் கோபுரம் இருப்பதால், அதைவிட உயராதபடி 99 மீட்டரில் புகைபோக்கியை நிறுத்தினார்கள். ஹெர்ட்சாக், டி மூரோன் என்ற இரண்டு ஸ்விஸ் கட்டடக் கலைஞர்கள் மாற்றியமைத்து 2000 மே மாதம் திறந்தார்கள். பாய்லர் நின்ற பக்கம்தான் இப்போது காட்சி அறைகள். சுவிட்ச் ஹவுஸ் என்ற பகுதியில் ஒரு துணை மின் நிலையம், காலரி திறந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்ப காலத்தில் டர்பைன் ஹாலில் நின்றால் டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் காதில் விழும்.

அப்பாவை டர்பைன் ஹாலின் நடுவில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். 35 மீட்டர் உயரம், மேலே பழைய கிரேன் இன்னும் இருக்கிறது. டர்பைன் எந்தப் பக்கம் நின்றிருக்கும், கண்டென்சர் எங்கே இருந்திருக்கும் என்று அவரே உங்களுக்குச் சொல்லத் தொடங்குவார், குறுக்கே பேசாதீர்கள். அது முடிந்த பிறகு, கால் வலிக்கிறது என்று சொல்லி ராத்கோ அறையில் கொண்டுபோய் உட்கார வையுங்கள்.