சோளகம் வீசும் வீட்டில் சின்னப் பிள்ளைகள்

கொழும்பில் 31 வருடங்கள் மருத்துவமாதாக வேலை செய்தேன். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளைகளின் நிறையை அளந்திருக்கிறேன், தாய்மாரோடு வாசற்படியில் இருந்து பேசியிருக்கிறேன். இப்போது ஓய்வு, வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள். மே மழை தொடங்குமுன் பலர் கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியர் வேறுவிதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். அங்கே மாரி, கோடை என்று தெளிவாகத் தெரியும். வெள்ளவத்தைக்கு வந்து நான்கு வருடமாகிறது. இங்கே எப்போதும் வியர்வை, எப்போதும் மழை. எதைப் பார்த்துப் பிள்ளையின் உடுப்பையும் சாப்பாட்டையும் ஒழுங்கு செய்வது?

தங்கச்சி, கொழும்புக்கும் பருவம் உண்டு. வெப்பத்தைப் பார்த்தால் தெரியாது, காற்றையும் மழை பெய்யும் நேரத்தையும் பார்த்தால் தெரியும். மார்ச், ஏப்ரலில் காற்று அடங்கிவிடும். காலையில் கொதிக்கும், பின்னேரம் இடி இடித்து மழை கொட்டும். மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று பிடித்துவிடும். உங்கள் அம்மா சோளகம் என்று சொல்வாரே, அதுதான். கடற்பக்க யன்னல் படபடவென்று அடிக்கும், மழை இரவிலும் விடியலிலும் வந்து போகும். செப்டெம்பர் வரை அப்படி. ஒக்டோபர், நவம்பரில் மறுபடியும் காற்று அடங்கிப் பின்னேர இடிமழை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை ஊரில் வாடைக்காற்று வீச, இங்கே ஓரளவு காய்ந்த காலம்; விடியற்காலையில் 22 பாகை வரை இறங்கும். கொழும்புப் பிள்ளைக்கு அது குளிர்தான்.

ஆகவே பின்னேர மழை மாதங்களில் வெளி விளையாட்டைக் காலைக்கு மாற்றுங்கள். சோளகக் காலத்தில் கடற்பக்கத்து அறையில் படுக்கும் பிள்ளைக்கு மெல்லிய நீளக்கைச் சட்டை போதும். கம்பளிச் சட்டை வருடத்தில் ஒருமுறை, நுவரெலியா போகும்போது மட்டும்.

இரண்டு ஆண் பிள்ளைகள், 4 வயதும் 6 வயதும். மூன்றாம் மாடி. மழை தொடங்கினால் கைப்பேசியைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. நான் வேலையால் வர ஆறு மணியாகும். மனைவி தனியாகத் திண்டாடுகிறாள்.

தம்பி, எல்லா மழைக்கும் பிள்ளைகளை உள்ளே பூட்டத் தேவையில்லை. ஜூன், ஜூலை மழையில் பெரும்பாலும் இடி இருக்காது. சனி, ஞாயிறு காலையில் பழைய காற்சட்டையோடு இருவரையும் கீழே கூட்டிக்கொண்டு போய்ப் பதினைந்து நிமிடம் நனைய விடுங்கள். கால்வாயோரமும் வாகனம் வரும் இடமும் வேண்டாம். திரும்பி வந்ததும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, தலையைத் துடைத்து, சூடாகக் கஞ்சி கொடுங்கள். மழையில் நனைவதால் மட்டும் தடிமன் பிடிப்பதில்லை. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கிருமியால் வருவது. மழைநாளில் எல்லோரும் யன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் இருப்பதால்தான் கூடுதலாகப் பரவுகிறது.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இந்தப் பேச்சே வேண்டாம். தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டாலே உள்ளே வந்துவிட வேண்டும். மொட்டைமாடியும் காலிமுகத்திடல் போன்ற வெளியும் அப்போது ஆபத்து.

வீட்டுக்குள்ளே ஒன்று சொல்கிறேன், என் பேரன் இரண்டு வருடமாக விடாமல் செய்வது. அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமான போத்தல் ஒன்றை எடுத்து, வெளியே கூரை மறைக்காத இடத்தில் வையுங்கள். மழை விட்டதும் பெரியவன் அடிமட்டத்தால் எத்தனை மில்லிமீற்றர் என்று அளக்கட்டும். சின்னவன் நாட்காட்டியில் அத்தனை நீலப் புள்ளி வைக்கட்டும். அளந்த உடனேயே போத்தலைக் கவிழ்த்துவிட வேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

மனைவியைப் பற்றி எழுதியது என் மனதில் தங்கிவிட்டது. ஆறு மணிக்கு வந்தவுடன் பிள்ளைகளை நீங்கள் பொறுப்பெடுத்து, அவருக்கு ஒரு மணித்தியாலம் கொடுங்கள். வேறு எந்த யோசனையையும் விட இது உதவும்.

பல்கனியில் 20 பூச்சட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் தட்டில் உள்ள நீரை ஊற்றிவிடுகிறேன். ஆனாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நுளம்புக் குடம்பி (புழு) இருக்கிறது என்று காட்டினார். எப்படி?

நீரை ஊற்றினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பு முட்டையை நீருக்குள் இடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையில் நீர் அதைத் தொட்டவுடன் பொரித்துவிடும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள். அதனால் வாரத்துக்கு ஒருமுறை தேங்காய்ப் பொச்சால் தட்டின் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முடிந்தால் தட்டையே எடுத்துவிடுங்கள்.

நான் வேலைக்குப் போன வீடுகளில் முற்றம் எப்போதும் கண்ணாடி போல இருக்கும். குடம்பி உள்ளே இருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் நீர் வடியும் தட்டை இழுத்துப் பாருங்கள். என் வீட்டுத் தட்டில் ஒருமுறை நானே கண்டேன்: கறுப்பு நூல்துண்டு போல ஏழெட்டு, நிழல் பட்டவுடன் துள்ளி அடிக்கு ஓடின. அன்று முதல் சனிக்கிழமை காலைத் தேநீருக்கு முன் அந்தத் தட்டைக் கழுவுவது வீட்டு வழக்கமாகிவிட்டது. பாவிக்காத கழிப்பறை, சுவாமி அறைப் பூச்சாடி, பிள்ளையின் விளையாட்டு வாளி, மழைப்பீலி, யாரும் ஏறிப் பார்க்காத கூரைத் தகட்டின் மடிப்பு, இவையும்தான். 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்குவால் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஜூன், ஜூலையில் வார்டுகளில் பிள்ளைகளைக் கண்டவள் நான். இதைப் பற்றிப் பேசும்போது என் குரல் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நுளம்பு கடிப்பது பகலில், கூடுதலாகக் காலையிலும் பொழுது சாயும் முன்னும். ஆகவே பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கும் வலை போடுங்கள்.

மகளுக்கு 5 வயது. காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம்? காய்ச்சல் விட்டால் பயமில்லை என்று மாமி சொல்கிறார்.

மாமி சாதாரண தடிமன் காய்ச்சலை நினைத்துச் சொல்கிறார். டெங்குவில் நிலைமை தலைகீழ். காய்ச்சல் இறங்கும் நேரம்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், இரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பொருள் கசியும் ஆபத்துக் காலம் தொடங்கலாம்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவை வைத்தியரிடம் கேட்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இபுபுரோபன், அஸ்பிரின், டைக்ளோபெனாக், மெபெனமிக் அமிலம் எதுவும் கூடாது. டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். என் மகள் சிறுமியாக இருந்தபோது மருந்துக் கடையொன்றில் காய்ச்சல் சட்டென்று இறங்கும் என்று இப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பெயரை வாசித்தபின் என் கை நடுங்கியது நினைவிருக்கிறது. போத்தலில் உள்ள பெயரை வாசிக்காமல் ஒரு துளியும் கொடுக்காதீர்கள்.

கஞ்சி, செவ்விளநீர், ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) கொடுங்கள். ஜீவனியைப் பொதியில் எழுதியுள்ள நீர் அளவில்தான் கரைக்க வேண்டும், குறைத்தும் கூட்டியும் அல்ல. சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம். வாந்தி எடுத்தால் இரத்தமா இல்லையா என்று தெரியாமல் போகும். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை அதுவரையும் காத்திருக்காமல் காட்டுங்கள். வயிற்று வலி, விடாத வாந்தி, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல், கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், எங்காவது இரத்தம் என்று ஒன்று தெரிந்தாலும் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இரவும் பகலும் திறந்திருக்கும். வாகனம் இல்லையென்றால் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை.

மகன் முதலாம் தரம். வெள்ளைச் சீருடை மழைக்கு ஒரு இரவில் காயவே மாட்டேன் என்கிறது.

பிழிந்த சட்டையைக் காய்ந்த துவாயில் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய் போலச் சுருட்டி, மேலே முழங்காலை வைத்து அழுத்துங்கள். பாதி ஈரம் துவாய்க்குப் போய்விடும். பிறகு மின்விசிறியின் கீழ் மாட்டி, காலையில் இஸ்திரி. பூஞ்சண மணம் வந்த அலுமாரியை வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் இரண்டு மணித்தியாலம் திறந்து வைக்க மறக்காதீர்கள். இளைப்பு உள்ள பிள்ளைக்கு அந்த மணம் ஆகாது.

ஐந்து மாதக் குழந்தை. இந்த ஏப்ரல் வெக்கைக்குக் கழுத்து முழுக்க வியர்க்குரு. தண்ணீர் கொடுக்கலாமா? பவுடர் போடலாமா?

இரண்டும் வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். தாகம் தணிக்கும் நீரும் அதற்குள்ளேயே இருக்கிறது. அடிக்கடி கொடுங்கள், நீங்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள். வியர்க்குருவுக்குச் சவர்க்காரம் இல்லாத நீரால் ஒற்றி எடுத்து, மடிப்புகளை உலர்த்தி, பருத்திச் சட்டை ஒன்றோடு விடுங்கள். பவுடர் தூள் மூச்சோடு உள்ளே போகும். எண்ணெய் வியர்வைத் துளையை இன்னும் அடைக்கும்.

வெல்லம்பிட்டியில் இருக்கிறோம். 2016 மே வெள்ளத்தில் எல்லாம் போனது. அப்போது பிள்ளை இல்லை. இப்போது 3 வயதிலும் 8 மாதத்திலும் இரண்டு பேர். மழை இருண்டாலே தூக்கம் வருவதில்லை.

உங்கள் பயம் நியாயமானது அம்மா. பயத்தோடு விழித்திருப்பதை விட, இன்றைக்கே ஒரு பையைக் கட்டி உயரத்தில் மாட்டுங்கள். இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் கிளினிக் புத்தகமும் தடித்த பொலித்தீனில் சுற்றி, நான்கு ஜீவனிப் பொதி, பரசிற்றமோல், இரண்டு நாளைக்கு உடுப்பு, டோர்ச், கொதித்தாறிய நீர். களனி கங்கையின் நீர்மட்டம் பற்றி நாகலகம் வீதி அளவையை வானொலி சொல்லும். எச்சரிக்கை வந்தால் இருட்டுமுன் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். முழங்கால் நீரில் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரவில் நடப்பது பெரியவர்களுக்கே முடியாத காரியம்.

நீர் வடிந்தபின் சேற்றில் பிள்ளைகளை இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி சிறு காயத்தின் வழியாகவும் உள்ளே போகும்.

இரண்டு வயது மகனுக்கு ரம்புட்டான் கொடுக்கலாமா?

கொட்டையை எடுத்து, சதையைச் சிறு துண்டாக்கி, இருத்தி வைத்துக் கொடுங்கள். முழுதாக ஒருபோதும் கூடாது. வழுக்கித் தொண்டையை அடைக்கும் பழம் அது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்துவிட்டால் பிள்ளைக்குப் பயமில்லாமல் வழித்து ஊட்டலாம். சாறு முழங்கைவரை வழியட்டும்.

பம்பலப்பிட்டியில் மகனோடு இருக்கிறேன். தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றிய கதையைப் பேரனுக்குச் சொன்னேன். இந்தத் தைக்கு ஏற்றிப் பார்த்தோம், எழும்பவே இல்லை. அவனுக்கு ஏமாற்றம். இங்கே பிள்ளைகளுக்கு நம் காலங்களை எப்படிக் காட்டுவது?

அம்மா, உங்கள் பட்டத்தில் குற்றமில்லை. வல்வெட்டித்துறையில் தைப் பட்டத்தைத் தூக்குவது வாடைக்காற்று. அது தீவைக் கடந்து கொழும்புக்கு வரும்போது தளர்ந்துவிடுகிறது. இங்கே பட்டத்தின் காற்று சோளகம். ஆகஸ்டில் ஒரு பின்னேரம் பேரனைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போங்கள். கடலிலிருந்து வரும் காற்று நூலைக் கையிலிருந்து பறிக்கும். இதே தீவில் ஊருக்கு ஒரு பட்டக்காலம் என்று அவனுக்குச் சொல்லுங்கள். உங்கள் கதை இன்னும் பெரிதாகும்.

அதற்கு முன் ஜூலை நடுவில் ஆடிப்பிறப்பு வருகிறது. கூழுக்குப் பயறு வறுப்பதையும் பனங்கட்டி உடைப்பதையும் அவனிடம் விடுங்கள். பிலாவிலை ஒன்றைத் தேடிப் பிடித்து, கோலி ஈர்க்குக் குத்திக் கொடுங்கள். என் பேத்திக்குக் கரண்டியில் கொடுத்த கூழ் பிடிக்கவில்லை. பிலாவிலையில் மூன்று முறை வாங்கிக் குடித்தாள். ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து வேல் உங்கள் பக்கம் வரும்போது காலி வீதியில் அவனைத் தோளில் ஏற்றிக் காட்ட மகனிடம் சொல்லுங்கள். மே மாதத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு வெசாக் கூடு கட்டட்டும், அதுவும் அவன் வளரும் ஊரின் காலம்தான்.

ஏப்ரல் விடுமுறையில் மத்தியானம் மொட்டைமாடியில் நின்ற என் 6 வயது மகன், "அம்மா, என் நிழல் எங்கே போனது?" என்று கேட்டான். உண்மையாகவே இல்லை. என்ன பதில் சொல்வது?

நல்ல கண் அவனுக்கு. ஏப்ரல் 7 அளவில் சூரியன் கொழும்புக்கு நேர் மேலே வருகிறது. மத்தியானம் 12 மணி 12 நிமிடம் அளவில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். பிறகு சூரியன் வடக்கே போய்த் திரும்பி வரும்போது செப்டெம்பர் முதல் வாரத்தில் மறுபடியும் அப்படி நடக்கும். பதிலைச் சொல்லிவிடாமல் இப்போதிருந்தே மாதம் ஒருமுறை மத்தியானத்தில் அவனை நிறுத்தி, நிழலின் நுனியைச் சோக்கட்டியால் தரையில் குறித்து, நீளத்தை அளந்து கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். ஜூனில் நிழல் தெற்குப் பக்கம் விழும், டிசம்பரில் வடக்குப் பக்கம்; அதை அவனே கண்டுபிடிக்கட்டும். செப்டெம்பரில் மேகம் இல்லாத நாளாகப் பார்த்து 12 மணிக்கே மேலே ஏறிவிடுங்கள். தொப்பியும் செருப்பும் கட்டாயம், அந்த நேரத்துச் சீமெந்துத் தரை பாதத்தைச் சுட்டுவிடும்.