வெள்ளை பூத்த பேனா

பேனா கடையும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், சிங்கப்பூர் ஜூரோங் பட்டறையில் இரும்பு கடைந்து ஓய்வுபெற்று, இப்போது வீட்டில் லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் மரமும் அக்ரிலிக்கும் கடையும் ‘லேத் மாமா’.

கேள்வி: மாமா, பதாக் மரத்தில் பேனா கடைந்து சூப்பர் குளூ பூச்சு கொடுத்தேன். மைக்ரோ மெஷ் என்ற நுண்ணிய தேய்ப்புப் பட்டைகளைப் போட்டு முடித்தபோது பளபளவென்று இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இரு முனைகளிலும் வெள்ளை பூத்திருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றுதான் காரணமா?
– வாசகர், ஈசூன்

பதில்: இங்கே எது கெட்டாலும் காற்றில் ஈரம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், தம்பி. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் தீவு. ஆனால் காற்று செய்கிற வெள்ளை மேலாகப் பொடி தூவினதுபோல் படியும்; தேய்த்தால் போய்விடும். உங்களுடையது முனையில் மட்டும் வந்திருக்கிறது. மைக்ரோ மெஷ்ஷைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்திருப்பீர்கள், சரிதானே? அந்தத் தண்ணீர் நுழைந்த இடம்தான் அது. பக்கவாட்டில் பூச்சு இருக்கிறது, முனையின் வெட்டுமுகம் வெறும் மரமாகத் திறந்து கிடக்கிறது. மரத்தின் நாளங்கள் வாய் திறந்திருப்பது அங்கேதான். ஈரம் உள்ளே போனதும் மரம் உப்பிப் பூச்சைத் தூக்குகிறது. தூக்கின இடம் வெள்ளையாகத் தெரிகிறது.

இனிமேல் தண்ணீரைத் தொடுவதற்கு முன் மாண்ட்ரலிலிருந்து (கட்டையைக் கோத்துச் சுழற்றும் கம்பி) கழற்றி, வெட்டுமுகங்களில் மெல்லிய சூப்பர் குளூவைத் தொட்டு வைத்துக் காயவிடுங்கள். மரத்துக்குள் ஒட்டியிருக்கும் பித்தளைக் குழாய்க்குள் வழியவிட்டால் அப்புறம் நிப் பகுதியும் கிளிப்பும் உள்ளே இறங்காது, ஜாக்கிரதை.

வெள்ளையான பேனாவுக்குக் குறுக்கு வழி கிடையாது. பூச்சை மரம் வரைக்கும் உரித்துவிட்டு முதலிலிருந்து வாருங்கள். உப்புத்தாள் 240, 320, 400, 600. ஒவ்வொரு நம்பரும் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, நீளவாக்கில் நாலு இழுப்பு இழுங்கள். சுற்றுவாக்கில் விழுந்த கோடுகள் அப்போதுதான் அழியும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ‘பூச்சுக்குள் வளையம் வளையமாகத் தெரிகிறது’ என்று எனக்கு எழுதுகிறார்கள்.

தூசைத் துடைத்துவிட்டு முதலில் மெல்லிய குளூ, அதற்கு மேல் நடுத்தரக் கெட்டி. டிஷ்யூத்தாளை மடித்துத் தடவுங்கள். பஞ்சும் பருத்தித் துணியும் வேண்டவே வேண்டாம்; பருத்தியில் சூப்பர் குளூ பட்டால் சூடேறிப் புகையும், விரல் வெந்துவிடும். சீக்கிரம் இறுக வைக்கும் ஸ்பிரே இருக்கிறதே, அதைக் கிட்டே வைத்து அடித்தாலும் பூச்சு நுரைத்து வெளுக்கும். நமக்கு அது எதற்கு? சூப்பர் குளூ இறுகுவதே காற்றில் இருக்கிற ஈரத்தால்தான். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர்க் காற்று நம் கட்சி.

பூச்சு ஏறி, நன்றாக இறுகியபின் முதலில் அதை மங்கலாக்க வேண்டும். தேய்த்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். மங்கலுக்கு நடுவே ஒரு புள்ளி மட்டும் மினுக்கினால் அது பள்ளம். புள்ளி மறையும்வரை தேய்த்து, தேய்ப்பதில் பூச்சு மெலிந்துவிட்டால் மேலே இன்னும் ஏற்றி, முழுக்க ஒரே மங்கலான பிறகே மைக்ரோ மெஷ்ஷை எடுங்கள். 1500-இலிருந்து 12000 வரை ஒன்பது பட்டைகள். நடுவில் எதையும் விடக்கூடாது.

பதாக், நம் வேங்கைக்குச் சொந்தக்கார மரம். இங்கே சாலையோரம் நிற்கிற அங்சானாவும் அதே இனம்தான். பதாக்கின் சிவப்பு நிறம், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு வருத்தப்பட மாட்டார்கள்.

கேள்வி: அங்கிள், அக்ரிலிக் கட்டை டிரில் பண்ணும்போது கடைசி நொடியில் பிளந்துவிடுகிறது. தப்பித்தது லேத்தில் சில்லு சில்லாகப் பெயர்கிறது. அதிலும் தப்பித்தால் உள்ளே பித்தளை தெரிகிறது!
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: கட்டையைக் குழாயைவிட ஒரு 10 மில்லிமீட்டர் நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள், அம்மா. துளை மறுமுனையை எட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட்டு, மிச்ச முனையை ரம்பத்தால் அறுத்து எறியுங்கள். பிட் வெளியே வந்தால்தானே பிளக்கும்? வேகம் நிமிடத்துக்கு 500 சுற்று போதும். கொஞ்சம் உள்ளே, உடனே வெளியே, சுருளைத் தட்டு, மறுபடி உள்ளே. பிளாஸ்டிக் வாடை வந்துவிட்டால் ஏற்கெனவே உருக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

சில்லு பெயர்வது பெரும்பாலும் உளியின் குற்றம். தீட்டின உளியைச் சாய்த்துப் பிடித்து மெல்லச் சீவினால் அக்ரிலிக் நாடா நாடாவாக வரும். பொடியும் துண்டுமாகத் தெறித்தால் நிறுத்தித் தீட்டுங்கள். நாடா மாண்ட்ரலில் சுற்றிக்கொள்ளும். லேத் ஓடும்போது அதைப் பிடித்து இழுக்கக் கூடாது, அதை மட்டும் சத்தியம் பண்ணிக்கொடுங்கள்.

பித்தளை தெரிவதற்கு வைத்தியம் பெயிண்ட். குழாயை உப்புத்தாளால் உரசி, கட்டையின் நிறத்துக்கு ஏற்றபடி பூசுங்கள். துளையின் உட்சுவருக்கும் பூசுங்கள். ஓர் இரவு காயட்டும். ஒட்டுவதற்கு எபாக்சி பசை நல்லது. சூப்பர் குளூ என்றால் குழாய் பாதி வழியில் இறுகி நின்றுவிடும் ஆபத்து உண்டு. அக்ரிலிக்குக்கு மேல்பூச்சே தேவையில்லை. தண்ணீரும் மைக்ரோ மெஷ்ஷும், கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷும் போதும். ஈசூன் தம்பி பட்ட பாடு உங்களுக்கு இல்லை.

கேள்வி: ஐயா, எங்கள் புளோக் கீழே தூங்குமூஞ்சி மரக்கிளைகளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். எடுத்து வந்து பேனா கடையலாமா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: வெட்டுகிற ஆட்களின் மேற்பார்வையாளரைக் கேட்டு, அவர் சரி என்றால் எடுங்கள். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது, தானாக விழுந்து கிடந்தாலும்தான்.

மரம் நல்ல மரம். அடர் பழுப்பில் ரேகை அழகாக விழும். ஆனால் பச்சைக் கட்டையைக் கடைந்தால் வெடிக்கும். சின்னத் துண்டுகளாக அறுத்து, வெட்டுமுகங்களில் பெயிண்ட் அடித்து, காற்றாடும் அலமாரியில் வையுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைக் கட்டையிலேயே எழுதி வாருங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால் வெளிக்காற்றுக்குக் காய்ந்தது. அதோடு விடாதீர்கள். நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அலுவலகத்துக்குப் பேனா போனால் மரம் இன்னும் சுருங்கும். உள்ளே இருக்கிற பித்தளை சுருங்காது. மரம்தான் கீறல் விடும். அதனால் கடைவதற்கு முன் கட்டையைச் சில வாரம் ஏர்கான் அறையில் போட்டு வைப்பது என் வழக்கம்.

கேள்வி: புஷிங் (கட்டையின் இரு முனையிலும் அளவு காட்டும் உலோக வளையம்) அளவுக்குச் சரியாகத்தான் கடைகிறேன். பொருத்தினால் ஒரு பக்கம் மரம் தூக்கலாகவும் மறுபக்கம் கிளிப் வளையம் தூக்கலாகவும் இருக்கிறது. ஏன் அங்கிள்?
– மாணவர், அங் மோ கியோ

பதில்: மாண்ட்ரல் வளைகிறது. அதன் நட்டையோ, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கையோ பலம் கொண்ட மட்டும் முறுக்குகிறீர்கள். கட்டை நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். அப்படியும் வந்தால் புஷிங் தேய்ந்திருக்கும், மாற்றுங்கள். குழாயை ஒட்டியபின் இரு முனைகளையும் குழாய்க்குச் செங்குத்தாகச் சீவினீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் வீட்டுப் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் லேத்தை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக் கடைகிறார். வெளியே வந்தால் தலைவலி என்கிறார், சாப்பாட்டு மேசையெல்லாம் தூசு. நீங்களே சொல்லுங்கள் மாமா.
– வாசகி, பொங்கோல்

பதில்: சொல்கிறேன் அம்மா, அவரிடமும் படித்துக் காட்டுங்கள். சத்தம் அடங்கும் என்று அந்த அறையைத் தேர்ந்தெடுத்திருப்பார். ஆனால் காற்று ஓடாத அறையில் சூப்பர் குளூ புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும், தலைவலியும் தரும். பூச்சு வேலையை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், மின்விசிறி புகையை வெளியே தள்ளட்டும். தூசுக்கு லேத்தின் பின்னாலேயே வாக்குவம் குழாயைக் கட்டச் சொல்லுங்கள். முகத்தில் ஒட்டிப் பிடிக்கிற நல்ல மாஸ்க்கும் வேண்டும். ஈட்டி, கோகோபோலோ மாதிரி மரங்களின் தூசு சிலருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் தரும். லேத்துக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் கீழ்வீட்டுக்குப் போகிற அதிர்வு குறையும். ஷெல்டரைத் தேட வேண்டிய அவசியமே இருக்காது. சாப்பாட்டு மேசையை அவரே துடைக்கட்டும்.