நேர்ந்துகொண்ட முடி

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகனுக்குப் பதினாறு வயது. ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை சென்ற ஆண்டு முடிந்தது. ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார். ஆனால் பள்ளிக்குச் சரியாகப் போவதில்லை. நண்பர்கள் வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறான். அவன் பிழைத்தால் அழகர்கோவிலில் அவனுக்கு முடியிறக்குவதாக நேர்ந்திருந்தோம். அந்தப் பேச்சை எடுத்தாலே கத்துகிறான். பிழைத்து வந்த பிள்ளைக்கு இன்னும் என்ன குறை என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

ஒரு தாய், உசிலம்பட்டி அருகே

அன்புள்ள சகோதரிக்கு,

சிகிச்சைக் காலத்தில் அடுத்த ஊசி, அடுத்த ரத்தப் பரிசோதனை என்பதைத் தவிர வேறு நினைப்புக்கு அவனுக்கு இடமிருந்திருக்காது. நடந்ததை எண்ணிப் பார்க்கவும், திரும்ப வந்துவிடுமோ என்று பயப்படவும் இப்போதுதான் அவகாசம் கிடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பரவலாக வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். மீசை அரும்பும் வயது வார்டில் கழிந்திருக்கிறது.

முடி விஷயத்தில் நான் அவன் பக்கம். மருந்தில் கொட்டி, மறுபடி முளைத்து, பார்ப்பவர்களுக்கு நோயாளி என்று தெரியாமல் நடமாட அவனுக்கு இருப்பது அந்த முடி ஒன்றுதான். அதை மழித்துக்கொண்டு தெருவில் இறங்கினால் "மறுபடியும் வந்துருச்சா" என்றுதான் நாலு பேர் கேட்பார்கள். நேர்ந்துகொண்டது நீங்கள், அவனைக் கேட்டு நேரவில்லை. நீங்களும் உங்கள் கணவரும் முடியிறக்குங்கள். பெற்றவர்கள் தலை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்கிறவரல்ல அழகர்.

பள்ளிக்குப் போகாததைச் சோம்பல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மருந்து நின்ற பிறகும் பலருக்கு அசதி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு; முதுகுத்தண்டு வழியாகச் செலுத்தும் மருந்து சிலருக்குக் கவனத்தையும் எழுதும் வேகத்தையும் மட்டுப்படுத்தும். வகுப்பாசிரியரிடம் பேசி, முதலில் அரைநாள் மட்டும் வர அனுமதி கேளுங்கள். நோயைப் பற்றி வகுப்பில் யாருக்குச் சொல்வது என்பதை மட்டும் அவனே தீர்மானிக்கட்டும். தனி டம்ளர் எடுத்துவைக்கும் உறவினர் இருந்தால் (இருப்பார்கள்), இது தொற்றும் நோயல்ல என்பதை அவன் காதில் விழும்படியே சொல்லுங்கள்.

அடுத்த செக்கப்பில் டாக்டரோடு அவன் தனியாகப் பேச விட்டு, நீங்கள் வெளியே உட்காருங்கள். பின்னாளில் கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டா என்பதை அம்மா முன்னால் எந்தப் பையனும் கேட்க மாட்டான். அதே டாக்டரிடம் மனநல ஆலோசனைக்கும் எழுதித் தரக் கேளுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தாலோ, "பிழைக்காமலே இருந்திருக்கலாம்" என்பது போல ஒரு சொல் அவன் வாயில் வந்தாலோ, செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.