பால் என்று வாங்கியது தயிர்

கேள்வி: கணவரின் வேலைக்காக டோக்கியோ வந்து மூன்று வாரம் ஆகிறது. எம்.ஏ. படித்த எனக்கு இங்கே ஒரு போர்டைக்கூடப் படிக்கத் தெரியவில்லை. பால் என்று வாங்கிவந்த டப்பாவைக் காபியில் ஊற்றினால் தயிர்! கடையில் பில் போடும் பெண் ஏதோ கேட்கிறாள், தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். இப்போது தனியாக வெளியே போகவே பயம். இது மாறுமா?
- ஒரு வாசகி, நிஷி கசாய்

பதில்: கண்டிப்பாக மாறும் அம்மா. நானும் அந்த ஊரில் இருந்தவள்தான். வந்த புதிதில் கடை வாசலில் “இரஷ்ஷாய்மாசே” என்று கூவும்போதெல்லாம் பதில் சொல்லத் தெரியவில்லையே என்று கூனிக் குறுகுவேன். அது வெறும் “வாங்க வாங்க”, அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை என்று தெரியவே எனக்கு ரொம்ப நாளானது.

பில் போடும் பெண்ணுக்கு வருகிறேன். தினமும் அதே இரண்டு மூன்று கேள்விதான். “ஃபுகுரோ” என்று காதில் விழுந்தால் பை வேண்டுமா என்று கேட்கிறாள் (2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு), “அதாதமெ” என்றால் சூடாக்கித் தரட்டுமா என்று. வேண்டுமென்றால் “ஹாய்”, வேண்டாமென்றால் “தைஜோபு தெஸ்”.

அப்புறம், ‘காஞ்சி’ என்கிற, சீனத்திலிருந்து வந்த எழுத்துகளைப் பார்த்து மலைக்காதீர்கள், பள்ளிப் பிள்ளைகளே அதை வருஷக்கணக்காகப் படிக்கிறார்கள். முதலில் ‘கதகனா’ என்கிற ஒலியெழுத்தைப் படியுங்கள், அடிப்படை எழுத்து 46தான். வெளியிலிருந்து வந்த சொற்களை அதில்தான் எழுதுகிறார்கள், அதனால் எழுத்துக்கூட்டினாலே பாதி புரியும்: கோஹி, பஸு, தொமாத்தோ. யோகுருத்தோவும் (தயிர்) அதில்தான், அது தெரிந்திருந்தால் உங்கள் காபி தப்பியிருக்கும்! வரிசையும் நமக்குப் பழகியது. அ, இ, உ, எ, ஒ, பிறகு க வரிசை. இந்திய எழுத்துமுறை பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்ததன் அடையாளம் அது. வாக்கியத்திலும் நம்மைப் போல வினை கடைசியில்தான் வரும். “டோக்கியோவுக்குப் போகிறேன்” என்பது “தோக்யோ நி இகிமாஸ்”. நம் ‘கு’ இருக்கும் இடத்தில் ‘நி’. கடைசியில் ‘கா’ சேர்த்தால் “போகிறீர்களா?” ஆங்கிலத்தில் யோசித்து மாற்றாமல் தமிழிலிருந்தே போங்கள்.

நிஷி கசாயில் நம்மவர்கள் நிறைய. எந்தக் குப்பையை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதை அவர்களிடம் கேளுங்கள், ஆனால் அவர்களோடு மட்டுமே வெளியே போவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டவர்களை எனக்குத் தெரியும். வார்டு ஆபீஸில் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய வகுப்பு பற்றி விசாரியுங்கள், பல இடங்களில் இலவசம் அல்லது சொற்பக் கட்டணம்தான்.

பால் விஷயம். பெரிய பால் அட்டைப்பெட்டிகள் பலவற்றின் மேல் விளிம்பில் அரைவட்டமாக ஒரு சின்ன வெட்டு இருக்கும், பார்வையில்லாதவர்கள் தடவிப் பார்த்தே பால் என்று அறிவதற்காக வைத்தது. நாளைக்கு அவர் ஆபீஸ் கிளம்பியதும் அதே கடைக்குத் தனியாகப் போய், விரலால் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பெண்ணிடமே “கியூன்யூ வ தொகோ தெஸ் கா?”, பால் எங்கே என்று கேளுங்கள். அநேகமாக அலமாரி வரைக்கும் கூடவே நடந்து வருவாள்.